அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியும்

கேள்வி: எனக்கு 52 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து, டெய்லராகி, இப்போது லைன் சூப்பர்வைசர். நான் சேர்ந்தபோது லைனில் மதுரை, தேனி, தஞ்சாவூர் ஆட்கள். இப்போது 40 மிஷினில் 30 பேர் வடக்கன்கள். தமிழ்நாட்டு வேலை முதலில் தமிழ்நாட்டுக்காரனுக்கு என்பது என் கருத்து. அதைப் பேசுகிற கட்சிக்குத்தான் ஓட்டும் போடுகிறேன். என் மகள் பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், "அப்பா, உங்களுக்கு இனவெறி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு மாட்டுப் பொங்கல் அன்றே பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ரெண்டு வடக்கனுங்க முன்னால், "இவனுங்கள உள்ள விட்டா நாளைக்கு வீட்டையே எழுதி வாங்கிடுவானுங்க" என்று என் மச்சானிடம் சொன்னேன். அவ்வளவுதான். அதில் ஒருத்தனுக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து "அண்ணா, தண்ணி" என்று கேட்டான். மகள் ஒரு மாதமாகப் பேசவில்லை. எனக்கு யார் மேலும் வெறுப்பு கிடையாது. கருத்து வைத்திருந்தாலே வெறியன் என்றால் எப்படி? நான் என் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்:

ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். சுருக்கும்போது விட்டுப்போன சில வரிகளைப் பற்றி அப்புறம் பேச வேண்டியிருக்கிறது.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கருத்தை மாற்றச் சொல்வது என் வேலை இல்லை. நான் குடும்பநல ஆலோசகர். யாருக்கு ஓட்டுப் போடலாம் என்று நான் சொல்லத் தொடங்கினால், அடுத்த வாரமே என் அறை காலியாகிவிடும். தேர்தல் வந்தால் என்னிடம் வருகிற குடும்பங்களில் மாமனார் ஒரு பக்கம், மருமகன் ஒரு பக்கம். யாரையும் கட்சி மாற வைத்து நான் அனுப்பியதில்லை.

அதுவும் போக, உள்ளூர்க்காரருக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும் என்பது வெறி பிடித்தவர்கள் மட்டும் பேசுகிற பேச்சும் இல்லை. தொழில் நிறுவனங்களில் 75 சதவீத வேலை இந்த மாநிலத்தவருக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என 2021 தேர்தல் அறிக்கையில் திமுக சொன்னது. ஆந்திரா 2019-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டது. ஹரியானாவும் போட்டது, மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவீதம் என்று. 2023 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இந்தியக் குடிமகன் நாட்டில் எங்கேயும் போய் வாழலாம், தொழில் செய்யலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறதே, அதைத் தாண்டுவது சுலபமில்லை. அரசு வேலைக்குக்கூட 'இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்' என்று நிபந்தனை போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான் உண்டு. மாநில அரசால் முடியாது. அதனால்தான் நம் ஊரில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கினார்கள். ஆளைத் தடுக்க முடியாது, மொழித் தகுதி கேட்கலாம்.

ஆக, உங்கள் கருத்து நாலு பேர் உட்கார்ந்து வாதாடக்கூடிய கருத்துதான். நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம், நியாயம் இல்லை என்று பலர் சொல்லலாம். ஆனால் அதை வைத்திருந்த குற்றத்துக்காக ஒருவரை வெறியர் என்று சொல்ல முடியாது. அந்த அர்த்தத்தில்தான் உங்கள் மகள் சொன்னாள் என்றால் அவள் சொன்னது தப்பு.

அவள் அதைச் சொன்னாளா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இத்தனை வருடமாக உங்கள் அரசியல் அவளுக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் பேசாத பேச்சா? அப்போதெல்லாம் பஸ் ஏறாதவள், பெயின்ட் அடிக்க ஆள் வந்த அன்று ஏறினாள்.

நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் நிறைய தடவை படித்தேன். "ஒருத்தனுக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குத் தெரியாது." இதை உங்கள் பக்கத்து நியாயமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் புரியாது என்ற நம்பிக்கையில் பேசினேன், அதனால் அது பெரிய விஷயமில்லை என்று. என் அனுபவத்தில், கேட்க மாட்டார்கள் என்று நினைத்து நாம் சொல்வதுதான் நம்முடைய சொந்தப் பேச்சு. மாமியாரைப் பற்றி மருமகள் சமையலறையில் சொல்வது, ஊழியரைப் பற்றி மேனேஜர் லிஃப்டில் சொல்வது. கூடத்தில் பேசுவது வேறு.

ஆனால் அதே வரியில் நல்லதும் ஒன்று இருக்கிறது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் உங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இல்லையென்றால் அவன் தண்ணீர் கேட்டதை எனக்கு எழுத வேண்டிய அவசியமே இல்லை. எழுதியிருக்கிறீர்கள். "அண்ணா" என்று கூப்பிட்டதையும் விடவில்லை.

இப்போது விட்டுப்போன வரிகள். இரண்டாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "சங்கத்தில் பேசி முடித்த ரேட்டைக் கேட்டால், இஷ்டமில்லன்னா கிளம்பு, ஹாஸ்டல்ல 20 பேர் உக்காந்திருக்கான் என்கிறார் காண்ட்ராக்டர்." அடுத்த வரி: "எல்லாம் இந்த வடக்கனுங்களால் வந்தது."

இந்த இரண்டு வரிக்கும் நடுவில் காண்ட்ராக்டர் எங்கே போனார்?

உங்களை மிரட்டியது அவர். ஒப்பந்த ரேட்டைக் கொடுக்காதது கம்பெனி. ஹாஸ்டலில் ஆளை அடைத்து வைத்து, ஒன்றரை ஷிப்ட் வாங்கிக்கொண்டு, 'அவன் லீவு கேட்க மாட்டான், சாவு வீடு, கல்யாண வீடு என்று போக மாட்டான்' என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னது யார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாலு பக்கத்தில் அவர்கள் மேல் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. 'முதலாளி' என்று மரியாதையாகத்தான் வருகிறது. 'அவனுங்க' என்பதோ பக்கத்துக்கு ஐந்தாறு தடவை. மேலே இருப்பவர் மேல் கோபப்பட்டால் வேலை போகும். பக்கத்து மிஷின்காரன் மேல் கோபப்பட்டால் ஒன்றும் ஆகாது. கோபம் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும், நீங்கள் மட்டும் விதிவிலக்காக இருக்க முடியாது. ஆனால் ஓடுகிற திசையைக் கவனிக்கலாம்.

ஒரு தகவல் சொல்கிறேன், உங்கள் வாதத்துக்கே உதவும். காண்ட்ராக்டர் வழியாக வெளி மாநிலத்திலிருந்து கூட்டிவரும் தொழிலாளர்களுக்காக 1979-லேயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. அதே வேலை செய்யும் மற்ற ஆட்களுக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், ஊரை விட்டு வந்ததற்குப் படி, வழிச் செலவு, தங்குமிடம் எல்லாம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. பிறகு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தச் சட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள், ஆனால் இதெல்லாம் அப்படியே அதில் வரவில்லை. இதை எத்தனை இடத்தில் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் கறாராகக் கொடுக்க வேண்டி வந்தால், வெளியூர் ஆள் முதலாளிக்கு மலிவான ஆளே இல்லை. 'ஹாஸ்டல்ல 20 பேர்' என்ற மிரட்டலும் பல்லில்லாத மிரட்டலாகிவிடும். உங்கள் ரேட்டைக் காப்பாற்ற அந்தப் பையனின் ரேட் ஏற வேண்டும். சங்கத்தில் இதைப் பேசலாமே.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். உங்கள் மகளை நீங்கள் பவர் டேபிள் தையல் மிஷினில் உட்கார வைத்தீர்களா? இல்லை, இன்ஜினீயரிங் படிக்க வைத்தீர்கள். உங்களைப் போலவே லட்சம் அப்பாக்கள் செய்தார்கள். 2021-22 கணக்குப்படி, கல்லூரி வயதில் இருக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய 47 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் உயர்கல்விக்குப் போனார்கள், நாட்டின் சராசரி 28-தான். பிறப்பு விகிதமும் இங்கே எப்போதோ குறைந்துவிட்டது. 2019-21 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், பீகாரில் 3. இங்கே மிஷினுக்கு ஆள் இல்லை, அங்கே ஆளுக்கு மிஷின் இல்லை. அங்கே ஏன் இல்லை என்பது பெரிய கதை. 1952-இலிருந்து 1990-களின் தொடக்கம் வரை நிலக்கரியும் இரும்பும் நாடு முழுக்க ஒரே விலை என்று மத்திய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தது. பூமிக்குள் அவ்வளவையும் வைத்திருந்த அன்றைய பீகாரில் போய்த் தொழிற்சாலை கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. பீகாரின் கஷ்டத்துக்கு அது ஒன்றே காரணம் இல்லை, அங்கே ஆண்டவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. பெயின்ட் வாளியோடு வந்த பையனுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் 2023 மார்ச் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று, வேறு மாநிலங்களில் எடுத்த வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்களே, அந்த வாரம். ஹோலி சமயமும்கூட. ரயில் நிலையமெல்லாம் மூட்டை முடிச்சோடு கூட்டம். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. "எங்கள் லைனில் 18 மிஷின் நின்றுவிட்டது, அவனுங்க திரும்பி வந்தப்புறம்தான் ஷிப்மென்ட் போச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. அதே பக்கத்தின் கடைசியில், வடமாநிலத்து ஆள் எவனோ திருடும் வீடியோ ஒன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதாகவும் இருக்கிறது. பொய் வீடியோ என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர் நீங்கள். அந்தத் திருட்டு வீடியோ உண்மையாகவே இருக்கட்டும். நம்மூர்க்காரன் திருடிய வீடியோ வந்தால் 'தமிழன் புத்தி' என்று தலைப்புப் போட்டு அனுப்புவீர்களா?

என் பெரியப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து பம்பாய் போனவர். மாட்டுங்காவில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். 1966-இல் சிவசேனை தொடங்கியது. தென்னிந்தியர்கள் வேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அன்றைய முதல் கோஷம். அவர்களுடைய 'மார்மிக்' பத்திரிகை, எந்த நிறுவனத்தில் எத்தனை தென்னிந்தியர் என்று பெயர்ப் பட்டியலே போட்டது. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்று தெருவில் கத்தினார்கள். மகுடியை ஊது, லுங்கியை விரட்டு. அவர்களிடம் கேட்டிருந்தால், வெறுப்பு ஒன்றும் இல்லை, எங்கள் பையன்களுக்கு வேலை வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். மராத்திப் பையன்களுக்கு வேலை கிடைக்காத குறை உண்மையான குறைதான். ஆனால் பெரியப்பா வெளியே போகும்போது வேட்டி கட்டுவதை நிறுத்தினார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகும் தெருமுனைக் கடைக்குப் போக பேன்ட் மாட்டிக்கொண்டுதான் போவார். அம்பாசமுத்திரத்தில்! நாங்கள் சின்னப் பிள்ளைகள், 'பம்பாய் ஸ்டைல்' என்று சிரிப்போம்.

உங்கள் மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்பதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போகிற போக்கில் போகவில்லை. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்று. ஐ.டி. கம்பெனிகள் கூச்சல் போட்டதும் நிறுத்தி வைத்தார்கள். அந்த இரண்டு நாள் உங்கள் மகள் என்ன நினைத்தாள் என்று கேட்டீர்களா? ஆட்டோக்காரர் "கன்னட பரல்வா?" என்று முறைத்த கதை ஏதாவது உங்களிடம் சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டாள் என்பது என் ஊகம். ஊகம்தான், தப்பாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு வாசலில் நீங்கள் 'இவனுங்க' என்றபோது அவள் வாளி வைத்திருந்த பையன் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அவள் எனக்கு எழுதியிருந்தால் அவளையும் திட்டியிருப்பேன். 'இனவெறி' என்று சொன்னவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அடிக்கப்பட்டவர் அதற்கப்புறம் தான் செய்ததை யோசிப்பதில்லை, அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார். நீங்கள் ஒரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். "நீங்க சொன்னது அவனுக்குப் புரிஞ்சிருச்சுப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தால், ஒருவேளை அன்று ராத்திரியே பேசித் தீர்ந்திருக்கும்.

நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. போன வருடம் ஈரோட்டிலிருந்து காட்பாடிக்கு தன்பாத் எக்ஸ்பிரஸில் போனேன். ரிசர்வ் பெட்டியில் டிக்கெட் இல்லாத பையன்கள் வழியெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். கடுப்பாக இருந்தது, அதில் தப்பில்லை. ஒருவன் என் சீட்டுக்கு அருகே தரையில் உட்கார்ந்தான். என் கை தானாகப் போய்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. அவன் அதைப் பார்த்தான். எழுந்து போய்க் கதவோரம் நின்றுகொண்டான். சேலம் வரை நின்றுகொண்டுதான் இருந்தான். என் கையைப் பற்றித்தான் அன்று எனக்கு யோசனையாக இருந்தது.

சரி, உங்கள் கைக்கு வருவோம். ஓட்டுச் சாவடியில் உங்கள் கருத்து உங்கள் பாடு. லைனில் நீங்கள் சூப்பர்வைசர். அங்கே 30 பேர் உங்களுக்குக் கீழே. தைத்தது சரியில்லை என்று ஆல்டர் பீஸ் திரும்பி வந்தால் யார் தலையில் கட்டுகிறீர்கள்? அவசர ஆர்டர் என்றால் ஞாயிற்றுக்கிழமை யாரை வரச் சொல்கிறீர்கள்? தேனிக்காரர் பத்து நிமிடம் லேட்டாக வந்தால் என்ன சொல்வீர்கள், ஒடிசாக்காரர் வந்தால் என்ன சொல்வீர்கள்? கடிதத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கு எழுத வேண்டாம், ஒரு வாரம் நீங்களே கவனித்துப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றால் வெறுப்பு இல்லை என்று நீங்கள் சொன்னதை நான் முழுசாக நம்புகிறேன். இருந்தால், அதைத் திருத்த எந்தக் கட்சியையும் விட வேண்டியதில்லை.

அப்புறம் அந்தச் சொல். 'வடக்கன்' என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், தெரியும். கேரளாவில் நம்மைப் 'பாண்டி' என்று சொல்கிறார்களே, அதுவும் எல்லாரும்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருக்கும்?

மகளுக்கு என்ன சொல்வது? வாட்ஸ்அப்பில் கட்டுரை எழுத வேண்டாம். ஹரியானா, ஆந்திரா என்று நான் மேலே சொன்னதையெல்லாம் எடுத்து அவள் மேல் வீச வேண்டாம், தயவுசெய்து. "உன் மனசு புண்பட்டிருந்தால்" என்றும் ஆரம்பிக்க வேண்டாம். புண்பட்டது முதலில் அவள் மனசு இல்லை. ஒரு போன் போடுங்கள். எடுக்கவில்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் போதும். உங்கள் பேச்சிலேயே: "கண்ணு, அந்தப் பசங்க நிக்கறப்ப நான் பேசுனது தப்பு. வேலை விஷயத்துல என்னோட கருத்து மாறல. நீ வந்தீன்னா அதப் பத்திப் பேசலாம்." இதில் முதல் வாக்கியமும் இரண்டாம் வாக்கியமும் தனித்தனி. நடுவில் 'ஆனா' போட்டு ஒட்டிவிடாதீர்கள். ஒட்டினால் முதல் வாக்கியம் செத்துவிடும். அனுப்பிவிட்டுச் சும்மா இருங்கள். உங்கள் வீட்டம்மாவைத் தூது விட வேண்டாம், அவர் ஏற்கெனவே இரண்டு பக்கமும் போன் பேசிக் களைத்துப்போயிருப்பார். மகள் வந்து கருத்தோடு சண்டை போட்டால் போடட்டும். அப்பாவும் மகளும் அரசியலில் சண்டை போடுகிற வீடு நல்ல வீடுதான்.

மாடி கிரில்லுக்கு இன்னும் ஒரு கோட் பாக்கி, அடுத்த ஞாயிறு அதே இரண்டு பேர் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து உருக்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவன் தினக்கூலிக்கு வந்தவன், வீட்டுக்காரர் கண் கலங்கினால் என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பான், வேலையும் கெடும். "அன்னைக்கு நான் பேசுனது தப்பு தம்பி" என்று ஒரு வரி போதும். டீ கொடுக்கும்போது நீங்கள் எந்த டம்ளரில் குடிக்கிறீர்களோ அதே மாதிரி டம்ளரில் கொடுங்கள். பேசிய கூலியை அன்று சாயங்காலமே கையில் கொடுத்துவிடுங்கள். நாலு பக்கத்தில் அவன் பெயர் எங்கேயும் இல்லை, கேட்டு வையுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.